சரியென்று தலையாட்டியவள்

முத்துக்கனி இருபத்து நாலு வருஷம் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தவள். தூத்துக்குடியில் அந்த மில் இப்போது இல்லை. இருந்த இடத்தில் ஒரு கன்டெய்னர் கிடங்கு நிற்கிறது. அவளுக்கு ரிங் பிரேம் பகுதியில் வேலை. ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் நெடுகிலும் நடந்து, அறுந்துபோகிற இழைகளை விரலால் பிடித்துச் சேர்க்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு எட்டு மணி நேரம் நடை. அந்த இரைச்சலுக்குள் யாரும் யாரிடமும் பேச முடியாது. பெண்கள் உதட்டை அசைப்பார்கள். எதிரே நிற்பவள் அதைப் படித்துக்கொள்வாள். வீட்டுச் சண்டை, மாமியார் குணம், பிள்ளைக்குக் காய்ச்சல் எல்லாம் அங்கே சத்தமில்லாமல்தான் பேசப்பட்டன.

காது போனது அவளுக்கு ஒரே நாளில் தெரியவில்லை. முதலில் வேப்பமரத்து அணில் கத்துவது நின்றது. அணில் வேறெங்கோ போய்விட்டது என்று நினைத்தாள். பிறகு ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டே குக்கரைத் தீயவிட்டாள். அப்புறம் போன் மணி. கடைசியாக மனிதர்களின் பேச்சு. பேச்சு அடியோடு போய்விடவில்லை. ககரமும் சகரமும் தகரமும் உதிர்ந்து, வெறும் ஆவும் ஊவும் ஓவுமாக வந்து சேர்ந்தது. சொல்கிறவன் முகம் நேரே இருந்தால் உதட்டைப் பார்த்து மிச்சத்தை நிரப்பிக்கொள்வாள். திரும்பி நின்று பேசினால் ஒன்றும் கிடையாது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. உடன்குடிப் பக்கம் அவள் பிறந்த ஊரில் காது கேளாத பெரியம்மா ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பின்னால் நின்று பிள்ளைகள் கெட்ட வார்த்தை சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்த பிள்ளைகளில் முத்துக்கனியும் ஒருத்தி. அந்த நினைப்பு அவளை வாயைத் திறக்கவிடவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தாள். யார் எதைச் சொன்னாலும் தலையை ஆட்டி, “சரி” என்று சொல்லிவிடுவது. பெரும்பாலும் அது பொருந்திப்போகும். “வீட்டுக்காரருக்கு இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டவர்களுக்கும் சில சமயம் சரி என்று பதில் போனதுண்டு. அவர்களும் ஏதோ மனக்கஷ்டம் போலிருக்கிறது என்று நகர்ந்துவிடுவார்கள்.

வீட்டுக்காரர் சங்கரபாண்டியன் அதே மில்லில் பிட்டர். கனத்த குரல். முத்துக்கனிக்குக் கடைசி வருஷங்களில் ஒழுங்காகக் கேட்ட ஒரே மனிதக் குரல் அவருடையதுதான், அதுவும் ஒரே இடத்தில். அவரிடம் ஒரு பழைய டி.வி.எஸ் மொபெட் இருந்தது. பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டால், அவர் பேசுவது எலும்பு வழியாக அவளுக்குள் இறங்கும். வீட்டில் பத்து தடவை சொன்னாலும் புரியாதது வண்டியில் ஒரு தடவையில் புரிந்துவிடும். 2019-இல் நுரையீரல் கெட்டு அவர் செத்துப்போனார். அவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது.

அவர் போன பிறகு வாரக்கணக்கில் ஒரு குரல்கூட அவளுக்குள் முழுசாகப் போகவில்லை. ஒரே மகள் ஜெயபிரியா கோயம்புத்தூரில் பள்ளிக்கூட டீச்சர். கல்யாணமாகி அங்கேயே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை போனில் கூப்பிட்டுப் படபடவென்று பொரிந்து தள்ளுவாள். முத்துக்கனி போனைக் காதில் அழுத்திக்கொண்டு “சரி, சரி பிள்ள” என்பாள். அம்மாவுக்குக் கொஞ்சம் காது மந்தம் என்று சொல்லி, ஜெயபிரியா ஒரு காது மெஷின் வாங்கி அனுப்பியிருந்தாள். அதைப் போட்டால் மின்விசிறி, பாத்திரம், தெருவில் போகிற லாரி எல்லாம் ஒரே அளவில் மண்டைக்குள் வந்து மோதின. மெஷின் டப்பாவுக்குள் போய்விட்டது. கோயிலில் மேளம் வாசித்தால் யாரோ தகரத்தை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி இருந்தது. கல்யாண வீடுகளில் பாட்டுக் கச்சேரி வைத்தால் எழுந்து பந்திப் பக்கம் போய்விடுவாள். பாட்டு என்ற ஒன்று தன் பங்கில் முடிந்துபோனதாகவே நினைத்திருந்தாள்.

மில் மூடிய பிறகு அவளுக்கு வேலை கிடைத்தது துறைமுகச் சாலையில், மாலுமிகளுக்கான ஓர் ஓய்வு இல்லத்தில். கூட்டிப் பெருக்கித் துடைக்கிற வேலை. கப்பலிலிருந்து இறங்கி வருகிறவர்கள் வீட்டுக்குப் போன் பேசவும் கேரம் ஆடவும் வருவார்கள். முன்பெல்லாம் கப்பல் ஒரு வாரம் நிற்குமாம். இப்போது ஒன்றிரண்டு நாளில் சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. அதனால் இல்லத்தின் பின்பக்கத்து மண்டபம் முக்கால்வாசி நாள் பூட்டியே கிடக்கும். அதில் பர்மாத் தேக்கில் போட்ட ஒரு மேடை. வாரத்துக்கு ஒருநாள் அவள் அதைத் துடைப்பாள்.

இந்த வருஷம் ஏப்ரல் மாதம் அந்த மண்டபத்துக்கு ஸ்டெபி வந்தாள். முப்பது வயதுப் பெண். சென்னையில் ஓர் இசைப்பள்ளியில் செல்லோ சொல்லிக்கொடுப்பவள். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் என்று மூன்று மாத லீவில் தூத்துக்குடிக்கு வந்திருந்தாள். வீடு மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம். ஐஸ் உடைக்கிற எந்திரமும் ஆட்டோ ஒலிபெருக்கியும் நாள் முழுக்க ஓயாத தெரு. அங்கே அவளால் வாசிக்க முடியவில்லை. அவளுடைய சித்தப்பா இஞ்ஞாசி கப்பல் ஏஜென்சி ஒன்றில் கிளார்க். மாதா கோயில் பாடற்குழுவில் வயலின் வாசிப்பவர். ஓய்வு இல்லத்து மேனேஜர் தாணுலிங்கம் அவருக்குப் பழக்கம். சனி, ஞாயிறு மத்தியானங்களில் மண்டபத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லி தாணுலிங்கம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

முதல் சனிக்கிழமை ஸ்டெபி தனியாகத்தான் வந்தாள். முத்துக்கனி மேடையின் ஓரத்தில் துடைப்பத்தோடு இருந்தாள். ஆள் உயரத்துக்கு ஒரு பெட்டியிலிருந்து பெரிய வயலின் மாதிரி ஒன்றை அந்தப் பெண் எடுத்ததையும், முழங்கால்களுக்கு நடுவே வைத்து அதன் இரும்புக் காலைத் தரையில் ஊன்றியதையும் பார்த்தாள். பிறகு தன் வேலையைப் பார்க்கக் குனிந்துவிட்டாள்.

அப்போது வெறும் பாதத்தில் ஏதோ வந்தது. எங்கிருந்து என்று தெரியாமல் முதலில் தரையைத்தான் பார்த்தாள். பாதத்தில் ஏறியது முழங்காலுக்கு வந்து, வயிற்றுக்கு வந்து, அதற்குள் காதிலும் வந்துவிட்டது. கனமான, நீளமான ஒரே ஓசை. தேய்ந்தோ உடைந்தோ வரவில்லை. முழுசாக, தொடக்கமும் நடுவும் முடிவுமாக வந்தது. வண்டியில் வந்த அந்தக் குரலைத் தவிர, பன்னிரண்டு வருஷமாக அவளுக்குள் அப்படி முழுசாக எதுவும் வந்ததில்லை.

பிறகு நின்றுபோனது.

காது மறுபடியும் அடைத்துவிட்டது என்று பயந்து தலையைத் தூக்கினாள். அந்தப் பெண் வில்லைக் காற்றில் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். அவளும் கேட்டுக்கொண்டிருப்பது முத்துக்கனிக்குத் தெரிந்தது. கேட்க ஒன்றும் இல்லாதபோதும் கேட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து வில் இறங்கியது. இன்னொரு ஓசை, முந்தியதைவிடக் கொஞ்சம் தாழ்ந்தது. மறுபடியும் நிறுத்தம்.

முத்துக்கனி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்தாள். எத்தனையோ வருஷமாக அவளைச் சுற்றி ஒரு நிசப்தம் இருந்துகொண்டிருந்தது. அது அவளுக்கு மட்டுமானது. வெளியே உலகம் பேசிக்கொண்டிருக்கும், உள்ளே அவள் இருப்பாள். இந்தப் பெண் வில்லைத் தூக்கும்போது வந்த நிசப்தம் வேறு. அது அந்தப் பெண்ணுக்கும் உண்டு, அவளுக்கும் உண்டு. இருவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள்.

ஸ்டெபி அவளைக் கவனித்து ஏதோ கேட்டாள்.

“சரி” என்றாள் முத்துக்கனி.

ஸ்டெபி சிரித்துவிட்டாள். “தண்ணி எங்கன இருக்குன்னு கேட்டேன்க்கா” என்று டம்ளர் பிடிப்பது போலக் கையைக் காட்டினாள்.

அன்றிலிருந்து சனியும் ஞாயிறும் மத்தியானம் இரண்டரை மணிக்கு முத்துக்கனி மண்டபத்தைக் கூட்ட ஆரம்பித்தாள். வாரத்துக்கு ஒரு தடவை துடைத்த மேடையை இரண்டு தடவை துடைத்தாள். தாணுலிங்கம், “என்ன முத்துக்கனி, மேடையில தேரா ஓட்டப் போறாவ?” என்று கேட்டதற்கும் சரி என்றாள். வாரத்தின் மற்ற ஐந்து நாளும் அவளுக்கு நீண்டுபோயின. வியாழக்கிழமையே சனிக்கு எத்தனை பொழுது என்று எண்ண ஆரம்பித்துவிடுவாள். கல்யாணமான புதிதில் சங்கரபாண்டியன் நைட் ஷிப்டுக்குப் போன வாரங்களில் அப்படி இருந்தது. அதற்கப்புறம் இப்போதுதான்.

ஸ்டெபி வாசித்தது அவளே எழுதியது. பெயர் வைக்கவில்லை. செல்லோவும் வயலினும் மட்டும், இருபது நிமிஷம். அதில் மொத்தமாக எண்ணினால் நூறு ஸ்வரம் தேறாது. இஞ்ஞாசி இரண்டாவது வாரம் சேர்ந்துகொண்டார். கோயிலில் முந்நூறு பேர் பாடும்போது கூட ஓடி ஓடி வாசித்துப் பழகிய மனுஷன். சும்மா இருக்க அவருக்குக் கை வரவில்லை. இடையில் எதையாவது நுழைத்துவிடுவார்.

“சித்தப்பா, அங்கன ஒண்ணும் இல்ல. சும்மா இருங்க.”

“எவ்வளவு நேரம்ட்டி சும்மா இருக்க? கேக்கவன் எந்திச்சிப் போயிருவான்.”

“போகட்டும். இருக்கவங்களுக்கு வாசிப்போம்.”

அந்த இசையில் ஓர் இடம் முத்துக்கனிக்குப் புதிராக இருந்தது. செல்லோ நின்றதும் இஞ்ஞாசி வயலினைத் தூக்குவார். வில்லை மெல்ல இழுப்பார். கண்ணை மூடியிருப்பார். ஒரு நிமிஷத்துக்கு மேல் அப்படி இழுத்துக்கொண்டிருப்பார். சத்தமே வராது. அதற்குப் பிறகு செல்லோ அடியிலிருந்து எழும்பும். ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். நாலாவது வாரம், வாசித்து முடித்துத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் அவள் கேட்டேவிட்டாள்.

“ஏன் சார், நடுவுல நீங்க மட்டும் சத்தமில்லாம வில்ல இழுக்கிய? அது என்னது?”

இஞ்ஞாசி துண்டை இறக்கினார். “சத்தமில்லாமயா? உச்சியில நிக்கிற ஸ்வரம்மா அது. எனக்கே காது கூசுது.”

முத்துக்கனிக்கு முகம் செத்துப்போனது. “சரி” என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்தாள். ஸ்டெபி எழுந்து வந்து அவள் முகத்துக்கு நேரே நின்றாள்.

“அக்கா. ஒங்களுக்கு அது கேக்கலையா?”

சரி என்ற சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. வாளியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், காது போன பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனிதரிடம் அதைச் சொன்னாள்.

“கேக்கல. நெறைய நாளா நெறைய கேக்கல. இந்தப் பெரிசு மட்டும் கேக்கு.”

இஞ்ஞாசிதான் கேட்டார். அவர் ஏளனமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார்.

“அப்ப நான் வாசிக்கும்போது அந்த எடத்துல ஒனக்கு என்னதான் இருக்கு?”

“நீங்க என்னமோ சொல்லுதியன்னு தெரியுது. எனக்கு வந்து சேரல. அம்புட்டுதான் சார்.”

மேடை விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். மகளிடம்கூடச் சொல்லாததை, ஒரு மாதம் மட்டுமே பழகிய இரண்டு பேரிடம், பகல் மூன்றரை மணி வெயிலில் சொன்னாள்.

அவள் சொன்னது, சங்கரபாண்டியன் சாவதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் நடந்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடி ஆக்ஸிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். ஜெயபிரியா மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். அவர் கண்ணைத் திறந்து, கையை அசைத்து முத்துக்கனியைக் கிட்டே கூப்பிட்டார். என்னமோ சொன்னார். மில்லில் எத்தனை உதடுகளைப் படித்தவள் அவள்! அன்றைக்கு உதடு மாஸ்குக்குள் இருந்தது. பிளாஸ்டிக்கில் மூச்சு படிந்து படிந்து மறைந்தது. நெஞ்சில் காதை வைத்துப் பார்க்கலாம் என்றால் வயர்கள். ஒரு சொல்லோடு முடிக்கவில்லை. நீளமாகவே சொன்னார், நடு நடுவே நிறுத்தி மூச்சு வாங்கிச் சொன்னார். முடித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்.

“நான் சரின்னு தலையாட்டிட்டேன்” என்றாள் முத்துக்கனி. “எப்பவும் மாதிரி. அவரு கண்ண மூடிக்கிட்டாரு. மறுநாள் காலையில போயிட்டாரு. எதுக்குச் சரின்னு சொன்னேன்னே எனக்குத் தெரியாது. என்ன கேட்டாரோ. என்னத்தச் செய்யச் சொன்னாரோ. நான் ஏமாத்தி அனுப்பிட்டேன்.”

ஸ்டெபி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். இஞ்ஞாசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த பிறகும் கையிலேயே வைத்திருந்தார்.

“அந்த எடத்தக் கீழ எறக்கி அடிநரம்புல வாசிக்கட்டுமா?” என்று கேட்டார். “ஒனக்கும் கேக்கும்லா. இவகிட்ட நான் சொல்லி மாத்திருவேன்.”

முத்துக்கனி யோசித்தாள்.

“வேண்டாம் சார். அது அங்கனயே இருக்கட்டும். நீங்க சொல்லுதது எனக்குத் தெரியுது. முடிஞ்சதும் இவ வருவால்லா. அது போதும்.”

மே மாதம் கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மண்டபத்தில் ஆட்களைக் கூப்பிட்டு வாசிப்பது என்று முடிவானது. முத்துக்கனி மகளுக்குப் போன் போட்டு, “நீ வரணும்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள். அம்மா இதுவரைக்கும் எதற்கும் கூப்பிட்டதில்லை. ஜெயபிரியா பள்ளி லீவில் கிளம்பி வந்தாள். அம்மாவைக் கையோடு கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போய்விட வேண்டும் என்பது அவள் மனசில் இருந்தது.

மின்விசிறிகளை நிறுத்த வேண்டும் என்று ஸ்டெபி சொன்னதும் தாணுலிங்கம் தலையில் கைவைத்தார். “மே மாசம் பிள்ள! நாலு பேரு மயங்கி விழுந்தா நானா தூக்க?”

“நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி” என்றாள் முத்துக்கனி. காலையிலேயே பழைய சாக்குகளை நனைத்து எல்லா ஜன்னலிலும் தொங்கவிட்டாள். வெக்கையும் குறைந்தது, லாரிச் சத்தமும் பாதி குறைந்ததாக இஞ்ஞாசி சொன்னார். தண்ணீர் மோட்டாரின் பியூஸைப் பிடுங்கினாள். குளிர்பானப் பெட்டியின் பிளக்கைக் கழற்றினாள். அவளுக்குக் கேட்காத சத்தங்களை எல்லாம் ஒவ்வொருவரிடமாகக் கேட்டுக் கேட்டு, அந்த மண்டபத்திலிருந்து வெளியேற்றினாள்.

நாற்பது பேர் வந்தார்கள். பாடற்குழு ஆட்கள், ஸ்டெபியின் சொந்தக்காரர்கள், கம்பைப் பிடித்துக்கொண்டு அவளுடைய அம்மா, கேரம் ஆட வந்து மாட்டிக்கொண்ட மூன்று மாலுமிகள். முதல் ஓசை முடிந்து நிசப்தம் வந்ததும் நாலைந்து பேர் கை தட்டினார்கள். இரண்டாவது நிசப்தத்தில் ஒரு போன் பக்திப் பாட்டுப் பாடியது. மூன்றாவதில் நாற்காலிகள் கிறீச்சிட்டன, யாரோ இருமினார்கள், ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம், “இன்னும் சுதிதான் சேக்காவளா?” என்று கேட்டாள். விசிறிக்கொண்டிருந்த நோட்டீஸ்கள் சலசலத்தன. இதெல்லாம் முத்துக்கனிக்குக் கேட்கவில்லை. முகங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஸ்டெபியின் நெற்றியில் வியர்வை வழிந்தது.

எட்டு, ஒன்பது நிமிஷம் ஆனபோது கூட்டம் எப்படியோ அடங்கியது. அடுத்தது என்ன என்று எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார்கள். விசிறின கைகள் மடியில் இறங்கின. ஒரு மாலுமி தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டான். செல்லோவின் ஓசை முடிகிறபோது எல்லாருடைய மூச்சும் சேர்ந்து நிற்பதை முத்துக்கனி பார்த்தாள். மகளோடு மேடை ஓரத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த அவள் பாதத்துக்கு மரம் வழியாக அந்த ஓசை வந்தது. செருப்பை வெளியே விட்டிருந்தாள்.

பிறகு இஞ்ஞாசி வயலினைத் தூக்கினார்.

வில் நகர்ந்தது. முத்துக்கனிக்கு ஒன்றுமில்லை. அவள் மேடையைப் பார்க்காமல் ஆட்களைப் பார்த்தாள். நாற்பது பேரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து, தனக்கு வராத எதையோ வாங்கிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் ஜெயபிரியாவின் கன்னத்தில் தண்ணீர் இறங்கியது. அவள் துடைக்கவில்லை. என்னவோ சொல்லப்படுகிறது, சொல்லப்பட்டது போய்ச் சேருகிறது என்பதை முத்துக்கனி அந்த முகங்களில் கண்ணால் பார்த்தாள். தனக்கு வராவிட்டாலும் அது வீணாகப் போகவில்லை என்று தோன்றியது. அந்த ஒரு நிமிஷமும் அவளுக்குச் சங்கரபாண்டியனைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னதைத் தெரிந்துகொள்வதற்குக்கூட இல்லை. வெறுமனே பார்க்க. அந்தப் பச்சைக் கட்டம் போட்ட சட்டையோடு, வாசலில் வண்டியை நிறுத்திக் குனிந்து பெட்ரோல் குழாயைத் திருகுகிற மனுஷனை ஒரு தடவை.

செல்லோ அடியிலிருந்து எழும்பியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

எல்லாம் முடிந்த பிறகும் கை தட்ட வெகு நேரமானது. வெளியே எலுமிச்சைச் சாறு கொடுக்கிற இடத்தில் ஸ்டெபியின் மாமா ஒருவர், “பாட்டு இனிமேதான்னு பாத்தா எந்திரிச்சிக் கும்பிடுதாவ” என்று சொல்லிச் சிரித்தார். அவருடைய மனைவி மட்டும் சாறு வாங்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மண்டபத்துக்குப் பின்னால் டம்ளர் கழுவும் தொட்டியடியில் ஜெயபிரியா அம்மாவைப் பிடித்தாள். அழுத முகத்தோடு, வழக்கம்போல, மூச்சு விடாமல் பேச ஆரம்பித்தாள். முத்துக்கனி ஈரக் கையால் அவள் வாயை மெல்லப் பொத்தினாள்.

“நிறுத்துளா. நீ இப்படிப் பேசினா எனக்கு வராது. எனக்குக் காது போயி வருஷக்கணக்காச்சு. ஒண்ணு சொல்லு. நிறுத்து. பொறவு அடுத்ததச் சொல்லு.”

ஜெயபிரியா அவளையே பார்த்தாள். பிறகு அம்மா கேட்டபடியே சொன்னாள்.

“அப்பாவுக்குத் தெரியும்மா.”

நிறுத்தினாள்.

“நான் காலேஜ் போகும்போதே சொன்னாவ. ‘ஒங்கம்மாவுக்குக் காது போச்சு. கேட்டா ஒத்துக்கிட மாட்டா. அவளாச் சொல்லட்டும். நீ தெரிஞ்சதாக் காட்டிக்கிடாத’ன்னு. அதான் மெஷின் அனுப்பும்போதுகூடக் கொஞ்சம் மந்தம்னு மட்டும் சொன்னேன்.”

முத்துக்கனியின் கையில் இருந்த டம்ளர் தொட்டிக்குள் விழுந்தது.

“வண்டிய ஏன் விக்காம வச்சிருந்தாவ தெரியுமா? ‘டி.வி.எஸ்-ல போனாத்தான் நான் பேசுததுக்கு அவ ஒழுங்கா பதில் சொல்லுதா’ன்னு சொல்லுவாவ. ஞாயித்துக்கெழம சாயங்காலம் சும்மா ஹார்பர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போவாவல்லா? பேசணும்னு தோணினா கூட்டிட்டுப் போவாவ.”

முத்துக்கனி ஆஸ்பத்திரியில் நடந்ததை மகளிடம் சொன்னாள். மாஸ்க்கை, மூச்சுப் படிந்ததை, தான் சரியென்று தலையாட்டியதை. ஜெயபிரியா முழுசாகக் கேட்டாள். கேட்டு முடித்து மெல்லச் சொன்னாள்.

“அப்ப ஒனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சேதான் சொல்லியிருக்காவ.”

ஆறு வருஷமாகத் தான் அவரை ஏமாற்றிவிட்டதாக முத்துக்கனி நினைத்திருந்தாள். அந்தப் பாரம் அங்கேயே, அந்தத் தொட்டியடியிலேயே, இறங்கிவிட்டது. ஆனால் அதன் இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. கேட்காது என்று தெரிந்த ஒருத்தியிடம், மூச்சு முட்ட முட்ட, ஒரு மனுஷன் அவ்வளவு நீளமாக என்னத்தைச் சொல்லியிருப்பான்? முன்னாலாவது அது ஒரு கட்டளையாகவோ வேண்டுகோளாகவோ இருக்கும் என்று பயம் இருந்தது. இப்போது பயம் இல்லை, ஆசைதான் இருந்தது. அந்த ஆசைக்குக் கரை தெரியவில்லை.

அவள் கோயம்புத்தூருக்குப் போகவில்லை. “இங்கன இருக்கேன் பிள்ள” என்றாள். ஜெயபிரியாவும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் டாக்டரிடம் கூட்டிப்போய்க் காது மெஷினை அவளுக்குத் தக்கபடி திருத்தி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது மேனேஜர் பேசும்போது மட்டும் அதைப் போட்டுக்கொள்கிறாள்.

ஜூலையில் ஸ்டெபி சென்னைக்குத் திரும்பினாள். போகும்போது அன்றைக்கு வாசித்ததைப் பதிவுசெய்து முத்துக்கனியின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். போனில் போட்டால் அடிக்குரல் எதுவும் வராது. இஞ்ஞாசியின் பகுதி மட்டும் அழகாகக் கேட்கிறது என்று மற்றவர்கள் சொன்னார்கள். ஜெயபிரியா தலையில் மாட்டுகிற ஹெட்போன் ஒன்று அனுப்பினாள். அதில் செல்லோ வந்தது. ஆனால் காலுக்குக் கீழே மரம் இல்லை. எதிரே வில்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யாரும் இல்லை. நிசப்தம் வரும்போது பாட்டு நிற்கிறதா போன் நின்றுவிட்டதா என்று தெரியவில்லை. இரண்டு தடவை கேட்டுவிட்டு மடித்து வைத்துவிட்டாள். கிறிஸ்துமஸுக்கு வருவதாக ஸ்டெபி சொல்லியிருக்கிறாள். இஞ்ஞாசி வழியில் பார்த்தால் விரலை மடக்கி, இன்னும் எத்தனை மாதம் என்று காட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஜெயபிரியா இப்போது வீடியோவில் கூப்பிடுகிறாள். முகத்தை நேரே வைத்து, ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறாள். அவர்களுக்குள் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அப்பா அன்றைக்கு என்ன சொல்லியிருப்பார் என்று வாரத்துக்கு ஒன்று ஊகிப்பது. ஒரு வாரம் ஜெயபிரியா, “பீரோ சாவி எங்கன இருக்குன்னு சொல்லியிருப்பாவ” என்றாள், இருவரும் சிரித்தார்கள். ஒரு வாரம் முத்துக்கனி, “மில்லுல என்னைய மொத மொத பாத்த கதையச் சொல்லியிருப்பாரு” என்றாள். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. “இந்த வாரம் என்ன?” என்று ஜெயபிரியா கேட்டாள்.

“ஒண்ணும் தோணல பிள்ள.”

“எனக்கும் தோணலம்மா.”

இருவரும் போனை வைக்கவில்லை. மகளுக்குப் பின்னால் ஜன்னல் கம்பிகளில் தண்ணீர் ஓடுவது தெரிந்தது.

“மழையா அங்கன?”

“ஆமா. காலையிலருந்து.”

“சத்தம் எப்படி இருக்கு?”

ஜெயபிரியா பதில் சொல்ல வாயெடுத்து, பிறகு சொல்லாமல் திரும்பி ஜன்னலைப் பார்த்தாள். வெகு நேரம் கவனமாகக் கேட்டாள். தூத்துக்குடியில் முத்துக்கனி, மழையைக் கேட்கிற மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.